ஆர்ட் டாட்டம்: ஹார்லெம் விடுதியும் ஹாலிவுட் வீடும் – இரண்டு வெளியீடுகள், ஒரு மதிப்பீடு

ஸ்டூடியோவில் பதிவான ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டாட்டம் எல்லோருக்கும் கிடைக்கிறார். 1933இல் தொடங்கிய தனிப் பியானோ தட்டுகள், 1940ஆம் ஆண்டு டெக்கா பதிவுகள், 1953 டிசம்பர் முதல் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் எடுத்த பெருந்தொகுப்பு என்று கேட்க நிறையவே இருக்கிறது. ஆனால் அவருடன் பழகிய பியானோக்காரர்கள் பலரும் சொன்னது ஒன்றுதான்: கடை மூடிய பிறகு, நண்பர்கள் நடுவில், பாதி ராத்திரிக்கு மேல் வாசித்த டாட்டம் வேறு ஆள். அந்த ஆளைக் கேட்க இன்று நமக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 'காட் இஸ் இன் த ஹவுஸ்', ஹைநோட் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஒற்றை சிடி. மற்றொன்று '20த் செஞ்சுரி பியானோ ஜீனியஸ்', வெர்வ் 1996இல் கொண்டுவந்த இரட்டை சிடி. முதலாவது 1940, 41இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மாணவர் ஒருவர் கையோடு தூக்கிச் சென்ற மெஷினில் பிடித்தது. இரண்டாவது 1950லும் 1955லும் ஹாலிவுட் வீடு ஒன்றின் விருந்துகளில் எடுத்தது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒலித்தரத்தில் இரண்டாவது பல படி மேலே நிற்கிறது. ஆனாலும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலாவதை வாங்குங்கள். அந்தக் கரகரப்புக்குள் இருப்பது வேறெங்கும் கிடைக்காது. கரகரப்பைக் கடந்து உள்ளே போவதற்குக் கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்திருந்தால் போதும்.

டாட்டம் 1909இல் ஒஹாயோவின் டொலீடோவில் பிறந்தவர். குழந்தையிலேயே கண்புரை. ஒரு கண்ணில் மட்டும் மங்கலான பார்வை மிஞ்சியது. 1956 நவம்பர் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். சிடியின் தலைப்புக்குப் பின்னால் உள்ள கதை ஜாஸ் உலகில் எல்லோரும் அறிந்தது: தான் வாசித்துக்கொண்டிருந்த இடத்துக்குள் டாட்டம் நுழைந்ததும் ஃபேட்ஸ் வாலர் கூட்டத்தைப் பார்த்து, நான் வெறும் பியானோக்காரன், இன்று கடவுளே இங்கு வந்திருக்கிறார் என்று அறிவித்தாராம்.

முதல் சிடியைப் பதிவு செய்தவர் ஜெர்ரி நியூமன், கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். டிஸ்க் வெட்டும் ரெக்கார்டரை ஹார்லெம் இரவு விடுதிகளுக்கு எடுத்துப் போவது அவர் வழக்கம். 1941 மே மாதம் மின்டன்ஸ் விடுதியில் கிடாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியனைப் பிடித்து வைத்தவரும் இவரே. பீபாப் என்ற புது ஜாஸ் உருவாகிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே என்ன ஒலித்தது என்பதற்கு நம்மிடம் நேரடிச் சான்று இருக்கிறதென்றால் அது பெருமளவு இவருடைய தட்டுகளால்தான். டாட்டம் தட்டுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 1973இல் ஆனிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் எல்.பி.யாக வந்தன. மறு ஆண்டு கிராமி விழாவில், இறந்து பதினேழு ஆண்டுகளுக்கு மேலான டாட்டத்துக்குச் சிறந்த ஜாஸ் மனோதர்மத் தனி வாசிப்புக்கான விருது கிடைத்தது. எல்.பி. உறைக்குறிப்பு எழுதிய டான் மார்கன்ஸ்டெர்னுக்கும் அதே விழாவில் ஒரு கிராமி. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. எந்த இரவு, எந்த விடுதி, யார் யார் அறையில் இருந்தார்கள் என்று தெரிந்தால் காதில் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முகம் கிடைக்கும்.

சிடியை ஓட்டினால் முதலில் வருவது ஊசிச் சத்தம். அப்புறம் அறை. அப்புறம்தான் பியானோ. விடுதியில் கிடந்த பியானோ, கச்சேரி மேடைக்கு வேண்டிய கவனிப்பை ஒருநாளும் பார்க்காதது. டாட்டம் உட்கார்ந்ததும் விசைப்பலகை முழுக்க ஒரு ஓட்டம் ஓட்டி, எந்தக் கட்டை செத்துக் கிடக்கிறது, எது மாட்டிக்கொள்கிறது என்று பார்த்துவிடுவார், பிறகு அவற்றைச் சுற்றிக்கொண்டு வாசிப்பார் என்பது சக கலைஞர்கள் பலமுறை சொன்ன செய்தி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் வலக்கையின் நீண்ட ஓட்டங்களை வேறு விதமாகக் கவனிக்கத் தோன்றும்.

ரூபன் ஹாரிஸ் என்பவர் கோட்டில் தூசி தட்டும் சின்ன விஸ்க் பிரஷ்களால் தாளம் போடும் பகுதி ஒன்று உண்டு. டிரம் செட் கிடையாது. பிரஷ் உரசும் 'ஷ்ஷ்' சத்தமும் ஊசியின் சத்தமும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசையில் வருகின்றன. முதல் கேட்பில் இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டாம் கேட்பில் பிரஷ் தாளத்தோடு சேர்ந்து மூச்சுவிடுவதும் ஊசிச் சத்தம் சீராகப் போவதும் தனித்தனியே தெரிய வரும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை அழுத்திப் போட்ட மலிவுப் பிரதிகளில் முதலில் காணாமல் போவது இந்தப் பிரஷ்தான். நல்ல பிரதியா, கெட்ட பிரதியா என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை இல்லை.

மன்ரோஸ் அப்டவுன் ஹவுஸ் விடுதியில் ஃபிராங்கி நியூட்டன் டிரம்பெட்டும் எபனேசர் பால் பாஸும் வாசிக்க எடுத்த இரண்டு துண்டுகள் இந்த சிடியின் உச்சம். டாட்டத்தோடு சேர்ந்து வாசிப்பது எந்தக் கலைஞருக்கும் எளிதல்ல. பக்கவாத்தியமாக அடங்கியிருக்க அவருக்கு வராது. ஒரு சொற்கட்டுக்குள் நான்கு கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) மாற்றிவிடுவார். தனி வாசிப்பவர் கால் வைக்கும் இடம் நழுவிப் போய்விடும். நியூட்டன் இதற்குக் கண்ட வழி அழகானது. குறைவாக ஊதுகிறார், மெல்ல ஊதுகிறார், மெட்டை விட்டு அதிகம் விலகுவதில்லை. மேலே அவர் அசையாமல் நிற்க, கீழே தரை முழுவதையும் டாட்டம் மாற்றிப் போட்டுக்கொண்டே போகிறார். தனி ஆவர்த்தனத்துக்கு இடம் கொடுத்துத் தாளத்தை மட்டும் கையில் பிடித்திருக்கும் பாடகரைப் பார்த்தவர்களுக்கு நியூட்டன் செய்வது உடனே புரியும்.

டாட்டம் பாடவும் செய்கிறார். பியானோ மேதை என்று மட்டுமே அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 'டொலீடோ புளூஸ்' என்ற துண்டில் குரலில் மெருகு எதுவும் இல்லை. அறையில் இருப்பவர்களுக்காகப் பாடும், கொஞ்சம் கரடான புளூஸ் குரல். ஸ்டூடியோவில் எந்தத் தயாரிப்பாளரும் இதைத் தட்டில் விட்டிருக்க மாட்டார்.

இனி ஒலியின் குறைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். இது தெரியாமல் பலர் சிடியைக் குறை சொல்லித் திருப்பிவிடுகிறார்கள்.

அந்தக் காலத்து உடனடித் தட்டுகளை எல்லோரும் அசிடேட் என்று அழைத்தாலும் அவற்றில் அசிடேட் இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு அது. இளக்கத்துக்கு விளக்கெண்ணெய் சேர்ப்பார்கள். வெட்டும் ஊசி அரக்கைச் சீவிக்கொண்டே போக, முடி போன்ற கறுப்பு இழை ஒன்று சுருண்டு சுருண்டு வெளியே வரும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. அதைத் தூரிகையால் நடுப்பக்கம் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி கை தவறி இழை ஊசிக்கடியில் சிக்கினால் வெட்டு ஆழம் குறையும், காடி (ஊசி செதுக்கும் பள்ளம்) ஒன்றின்மேல் ஒன்று ஏறும். கேட்கும்போது அது ஒரு மங்கல், பிறகு ஒரு தாவல். விடுதி இருட்டில், ஆட்கள் இடித்துக்கொண்டு போகும் மேசையில் வைத்து இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரமும் ஒரு தடை. நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் 10 அங்குலத் தட்டில் மூன்று நிமிடம், 12 அங்குலத்தில் நான்கு, ஐந்து நிமிடம். ஒரே ஒரு மெஷின் இருந்தால் தட்டு மாற்றும் இடைவெளியில் வாசித்தது போனது போனதுதான். இந்த வகைப் பதிவுகளில் சில துண்டுகள் பாட்டின் நடுவில் திறப்பதற்கும் உச்சத்தில் அறுபடுவதற்கும் காரணம் இதுதான். பதிப்பாளர் வெட்டியது அல்ல.

மைக் ஒன்றே ஒன்று. வீட்டு மெஷின்களோடு வந்த கிறிஸ்டல் மைக்குகள் பொதுவாக 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பிடிக்காது. பியானோவின் கடைசிக் கட்டையின் அடிப்படை அதிர்வு 4186 ஹெர்ட்ஸ். ஆகவே எல்லாக் கட்டைகளின் சுரமும் பதிவுக்குள் வந்துவிடும். போவது சுத்தியல் கம்பியில் படும் கூர்மை. அடிப்பக்கம் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், அதைச் சிறிய மைக் பிடிக்கவே பிடிக்காது. மேலே உள்ள துணை அதிர்வுகளைக் கொண்டு நம் காதே அடிச்சுரத்தைக் கட்டிக்கொள்ளும். டாட்டத்தின் இடக்கை, அடியில் ஒரு சுரமும் நடுவில் ஒரு கார்டுமாகத் தாவித் தாவிப் போகும் ஸ்டிரைட் முறையில் இறங்கும் நேரத்தில் மைக் திணறிப்போவதையும் சில இடங்களில் கேட்கலாம். சத்தம் கூடியதும் பியானோ சற்றே உடைந்து, தகரத்தில் மோதுவது போல வரும். அது மீட்டெடுத்தவரின் பிழை இல்லை, வெட்டும்போதே தட்டில் பதிந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது வேகம். வீட்டு மெஷின்களின் மோட்டார் பலவீனமானது. அரக்கைச் சீவும் ஊசி பிரேக் போல இழுக்கும். வெளி விளிம்பில் இழுவை அதிகம் என்பதால் மெஷின் அங்கே மெதுவாகச் சுழன்று, உள்ளே போகப் போக வேகம் எடுக்கும். அந்தத் தட்டைச் சீரான வேகத்தில் திரும்ப ஓட்டினால் பாட்டு தொடங்கும்போது சுருதி ஏறியிருக்கும், முடிவுக்குள் மெல்ல இறங்கிவிடும். 74 சுற்றில் வெட்டியதை 78.26இல் ஓட்டினால் ஏறக்குறைய அரைக் கட்டை உயர்ந்துவிடும். டாட்டத்தின் வேகம் ஏற்கெனவே நம்ப முடியாதது. அதன்மேல் இந்த ஐந்தே முக்கால் சதவீதமும் சேர்ந்தால் மனிதக் கையால் முடியாத பொம்மைப் பியானோ போலக் கேட்கும். அது டாட்டத்துக்குச் செய்யும் அநியாயம்.

கையில் இருக்கும் பிரதியின் வேகம் சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சுருதியை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் விடுதிப் பியானோவே அரைக் கட்டை தாழ்ந்து இருந்திருக்கலாம். அதற்குப் பதில் மின்சாரத்தின் 'ம்ம்' ஒலியைத் தேடுங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 120, 180. பதிவு செய்த ஆம்ப்ளிஃபயரின் ஹம் பாட்டோடு சேர்ந்தே தட்டில் வெட்டப்பட்டிருக்கும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் வாசிப்பு ஓய்ந்த இடமாகப் பார்த்துச் சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து, அலைவரிசை வரைபடத்தை 65536 அளவில் போட்டால், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 0.67 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். 60இல் தட்டைச் சுழற்றும் மேடையின் உறுமலும் கலந்திருக்கும் என்பதால் 120ஐப் பாருங்கள், அங்கே ஒரு சதவீதப் பிழை 1.2 ஹெர்ட்ஸாகத் தெரியும். சிகரம் 127இல் இருந்தால் பிரதி ஐந்தரை சதவீதத்துக்கு மேல் வேகமாக ஓடுகிறது என்று பொருள். திருத்தும்போது வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளை ஒலியைப் பிசைந்துவிடும்.

இதில் இரண்டு இடங்களில் தவறு நடக்கும். சரியாக 120இல் ஒரு சிகரமும், 127 பக்கம் இன்னொன்றும் தெரிந்தால், முதலாவது அமெரிக்காவில் தட்டை டிஜிட்டலாக்கியபோது அந்தக் கருவியிலிருந்து வந்த ஹம். தட்டில் இருப்பது இரண்டாவது. ஹம் சுத்தமாகவே காணவில்லை என்றால் மீட்டெடுத்தவர் வடிகட்டியிருக்கிறார், இந்த வழி அங்கே உதவாது. அப்போது கீறலை எண்ணலாம். ஒரு நீளக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை 'டிக்' என்னும். நிமிடத்துக்கு 78 டிக் வந்தால் 78 சுற்றில் ஓட்டியிருக்கிறார்கள், 33 வந்தால் 33⅓. வெட்டிய வேகத்தை இது சொல்லாது, ஓட்டிய வேகத்தைச் சொல்லும். ஓட்டியது சரியாக 78 என்றால் அந்தப் பிரதியில் வேகத்தைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது வெளியீட்டுக்கு வருவோம். ரே ஹைன்டார்ஃப் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவின் இசைத் துறைக்குத் தலைமை வகித்தவர், டாட்டத்தின் தீவிர ரசிகர். தன் வீட்டு விருந்துகளில் டாட்டத்தை வாசிக்க வைத்து ஒழுங்காகப் பதிவு செய்தார்: 1950 ஏப்ரல் 16, 1955 ஜூலை 3. முதலில் 20த் செஞ்சுரி ஃபாக்ஸ் எல்.பி.களாக வந்தவை, பிறகு வெர்வ் மூலம் இரட்டை சிடி ஆயின. சினிமா இசைக்காரர் வீடு, நல்ல பியானோ, சுருதி சேர்த்தது, டேப் ஓடுகிறது, நான்கு நிமிடக் கெடு கிடையாது. அடிச்சுரங்கள் முழுதாக வருகின்றன. பெடலை எப்போது மிதிக்கிறார், எப்போது எடுக்கிறார் என்பது வரை கேட்கிறது. நியூமன் தட்டுகளில் ஒரு திரளாக வரும் கீழிறங்கு ஓட்டங்கள் இங்கே முத்து முத்தாக எண்ணக்கூடியவை.

பியானோ கற்றுக்கொள்பவர்களுக்கு இதுதான் பயன். இடக்கையில் பத்துச் சுரம் தள்ளி விரியும் பிடிகளை அவர் எங்கே ஒன்றாக அடிக்கிறார், எங்கே உருட்டி அடிக்கிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டுமானால் இந்த சிடிதான் வேண்டும். பாதி வேகத்தில் ஓட்டினாலும் தெளிவு போகாது.

1955 பதிவு அவர் இறப்பதற்குப் பதினாறு மாதம் முன் எடுத்தது. விரலில் தளர்ச்சி கேட்கவில்லை. சொல்லப்போனால் 'டூ மார்வலஸ் ஃபார் வேர்ட்ஸ்' என்ற துண்டு, அவருடைய பதிவுகள் மொத்தத்திலும் முன்வரிசையில் வைக்க வேண்டியது. கார்டுகளை ஒரு சுரம் ஒரு சுரமாக நகர்த்தி வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், தாளம் விழும் கணத்தில் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறார். திரும்பத் திரும்பக் கேட்டாலும் எந்த இடத்தில் திரும்பினார் என்பது பிடிபடாது.

பிறகு ஏன் முதல் சிடிக்கு முதலிடம்? 'ஸ்வீட் லொரைன்' பாட்டு இரண்டு வெளியீடுகளிலும் இருக்கிறது. 1940 டெக்கா தட்டிலும் இருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். டாட்டம் தனக்குப் பிடித்த பாட்டுகளுக்கு ஒரு கட்டமைப்பை வகுத்துக்கொண்டு வருடக்கணக்கில் அதையே மெருகேற்றியவர். அதனால் மனோதர்மம் குறைவு என்று குறை சொன்ன விமர்சகர்களும் உண்டு. ஹைன்டார்ஃப் வீட்டில் அந்தக் கட்டமைப்பு அதன் நிறைவான வடிவில் கிடைக்கிறது. அங்கே இருப்பவர்கள் மரியாதைக்குரிய விருந்தினர்கள், அவர்களுக்கு முன் மேதை கச்சேரி செய்கிறார். ஹார்லெமில் எதிரே இருப்பவர்கள் சக தொழிலாளிகள். பிரஷ் தட்டுபவர் இருக்கிறார், பாடுபவர்கள் இருக்கிறார்கள், டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் வருகிறார். வகுத்து வைத்த கட்டமைப்பு அவர்களுக்காக இடம் விட்டு நெகிழ வேண்டியிருக்கிறது. டாட்டம் பதில் சொல்லுவதை நாம் கேட்பது இங்கேதான்.

வெர்வ் சிடிகளில் ஒரு குறை சொல்ல வேண்டும். இரண்டு சிடியும் சேர்த்து உட்கார்ந்து ஒரே மூச்சில் கேட்டால் சலிக்கும். பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடத் தனிப் பியானோத் துண்டுகள், அமைப்பு ஏறக்குறைய ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்தாறு துண்டு போதும்.

வாங்கும்போது லேபிள் பெயரைப் பாருங்கள். ஐரோப்பியச் சட்டப்படி 1963க்கு முந்தைய பதிவுகளுக்கு அங்கே உரிமைக் காப்பு முடிந்துவிட்டதால், நியூமன் தட்டுகளும் ஹைன்டார்ஃப் டேப்புகளும் பல மலிவுத் தொகுப்புகளில் கலந்து வருகின்றன. பழைய எல்.பி.யிலிருந்தோ சிடியிலிருந்தோ நகலெடுத்து, வடிகட்டியைத் தாராளமாகப் போட்டவை அவற்றில் உண்டு. ஸ்ட்ரீமிங்கில் தேடினால் இவைதான் முன்னால் வந்து நிற்கும். எந்த இடம், எந்தத் தேதி என்று போடாத தொகுப்பை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன விஸ்க் பிரஷ் சோதனையைச் செய்யுங்கள். கார்டு ஓய்ந்து அடங்கும் இடத்தில் அறையின் சத்தமும் சேர்ந்து சட்டென்று செத்துப் போனாலோ, தண்ணீருக்கடியில் குமிழ் விடுவது போல ஒலித்தாலோ வடிகட்டி அளவு மீறியிருக்கிறது.

கேட்கும் முறையும் முக்கியம். இரண்டும் மோனோ பதிவுகள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். பழைய எல்.பி. பிரதியில் காடியின் இரு சுவர்களின் வேறு வேறு சிராய்ப்புகள் ஒன்றையொன்று கொஞ்சம் அடக்கும். நியூமன் சிடிக்கு ஹெட்ஃபோனைவிட ஸ்பீக்கர் நல்லது, முடிந்தால் ஒற்றை ஸ்பீக்கர். ஹெட்ஃபோனில் ஊசிச் சத்தம் மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஸ்பீக்கரில் அது அறையில் கரைந்து, பியானோ முன்னால் வரும். டிரெபிளைக் குறைக்க வேண்டுமென்றால் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும், 3 அல்லது 4 டெசிபல் போதும். அதற்கு மேல் குறைத்தால் பிரஷ் போய்விடும். சபாக் கச்சேரிகளை ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்ததைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த சிடி பத்து நிமிடத்தில் வசப்படும்.

இவை இரண்டும் பிடித்துப்போனால் அடுத்து எதற்குப் பணம் வைப்பது என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். முதலாவது மொசைக் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆறு சிடி சேவரி தொகுப்பு. பில் சேவரி நியூயார்க்கில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருந்தவர். 1935 முதல் 1940 வரை வானொலியில் வந்த ஜாஸை நூற்றுக்கணக்கான தட்டுகளில் வெட்டி வைத்தார். அவர் இறந்த பிறகு 2010இல் ஹார்லெமின் தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. பெரிய தட்டுகளையும் மெதுவான வேகத்தையும் அவர் பயன்படுத்தியதால் மூன்று நிமிடத்தைத் தாண்டி நீளும் வாசிப்புகள் முழுதாகக் கிடைத்தன. தட்டுகளை மீட்ட டக் பாமராயின் வேலை, இந்தத் துறையில் மற்றவர்களை அளக்கும் கோல். இரண்டாவது, பழைய தலைமுறை ஜாஸ் பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டனை 1938 மே மாதம் முதல் வாஷிங்டனில் நாட்டார் இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பேசவும் வாசிக்கவும் வைத்து எடுத்த காங்கிரஸ் நூலகப் பதிவுகள். பழைய வெளியீடுகளில் வேகமும் சுருதியும் தவறாக இருந்தன. 2005இல் ரவுண்டர் வெளியிட்ட எட்டு சிடி தொகுப்பையே தேடி வாங்க வேண்டும்.

கடைசியாக, பழைய தட்டு தேடும் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை. பழைய பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் கையால் பெயரெழுதிய, நடுத்துளையோடு கூடுதலாக இரண்டு மூன்று துளைகள் உள்ள கறுப்புத் தட்டு கிடைத்தால், அது தொழிற்சாலையில் அச்சடித்தது அல்ல, உலகில் ஒரே பிரதியாக இருக்கக்கூடிய அரக்குத் தட்டு. விளிம்பில் அலுமினியம் மின்னுகிறதா என்று பாருங்கள். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடி மேல் அரக்குப் பூசினார்கள், அது கை நழுவினால் முடிந்தது. மேலே வெள்ளைப் பூஞ்சை போலப் படர்ந்திருப்பது பெரும்பாலும் பூஞ்சை இல்லை, விளக்கெண்ணெய் சிதைந்து வெளியே வந்த கொழுப்பு அமிலம். எண்ணெய் வற்றினால் அரக்கு சுருங்கும், தகடு சுருங்காது, ஆகவே மேல்பூச்சு வெடித்து உரியும். வெடிப்பு தொடங்கிய தட்டைக் கழுவவே வேண்டாம், நேராக ஆவணக் காப்பகப் பணி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வெடிப்பு இல்லாத தட்டுக்கு வாலைவடிநீரில் ஒரு சொட்டு அயனியற்ற மென்சோப்பு, மென்மையான தூரிகை, காடியின் போக்கிலேயே. ஆல்கஹால் ஒரு துளியும் கூடாது, அரக்கு கரையும். கிராமபோன் எஃகு ஊசியை வைத்து 'சும்மா ஒரு தடவை' கேட்டுப் பார்ப்பது பெரும் பாவம். சில முறை ஓட்டினாலே காடியின் மேல்சுருதி தேய்ந்துவிடும். 2.5 முதல் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான 78 ஊசி, 3 முதல் 5 கிராம் பாரம், முதல் ஓட்டத்திலேயே பதிவு. ஆம்ப்ளிஃபயர் பக்கம் சாதாரண போனோ உள்ளீட்டைத் தவிர்த்து, திருத்தம் இல்லாத நேர் உள்ளீட்டில் எடுங்கள். போனோ உள்ளீட்டில் உள்ள எல்.பி. காலத்து ரியா (RIAA) ஒலித்திருத்தம் 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் வெட்டும், 1941இல் யாரும் அதை எதிர்பார்த்துத் தட்டு வெட்டவில்லை. டிஜிட்டல் கோப்பு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். ஊசி சில தட்டுகளில் உள்ளிருந்து வெளியே போகும், அதையும் பார்த்து வையுங்கள்.

டேப் கிடைத்தால் ரீலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். பக்கவாட்டில் ஒளி ஊடுருவினால் அசிடேட், 1950களின் முற்பாதியில் பெரும்பாலும் அதுதான். ஒளி மறைந்தால் பாலியெஸ்டர். அசிடேட்டில் வினிகர் வாடை அடித்தால் மற்ற ரீல்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். ஒட்டும் டேப்பைச் சூடேற்றிச் சரிசெய்யும் முறை 1970, 80களின் பாலியெஸ்டர் டேப்புக்கானது. அசிடேட்டை அப்படிச் சூடேற்றினால் நொறுங்கிப் போகும்.